வரிக்குதிரைக்குக் கோடு போட்டவள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்று மரங்களைச் சாய்த்தபோது, அம்மாவும் நானும் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தோம். ஜெலாப்பாங்கில் ஒரு பொம்மை பேக்டரியில் எனக்கு வேலை கிடைத்தது. அச்சிலிருந்து வெள்ளை வெளேரென்று வரும் பிளாஸ்டிக் குதிரைகளுக்குக் கறுப்புக் கோடு போட்டு, அவற்றை வரிக்குதிரைகளாக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் பாகான் டத்தோ தென்னந்தோட்டத்துப் பெண். என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். கழுத்தில் நெட்டுக்குத்தாக, விலாவில் சற்றே சாய்வாக, பின்பக்கம் அகலமாக, கால்களில் வளையம் வளையமாகக் கோடு வர வேண்டும். மூக்கு முழுக்கக் கறுப்பு. மேசை நடுவே மாதிரிக் குதிரை ஒன்று நிற்கும். அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் இம்மி பிசகாமல் ஒன்றுபோல இருக்கும். எல்லாக் குதிரையும் அதைப்போலவே இருக்க வேண்டும் என்பது சூப்பர்வைசர் அம்மாளின் கட்டளை. கோடு தவறினால் துணியைப் பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடி போடுவோம். கையில் ஒட்டிய பெயிண்டையும் அதே தின்னரில்தான் கழுவினோம். தூசி படியக் கூடாதென்று ஜன்னல்களை மூடியே வைத்திருந்தார்கள். சாயங்காலம் பஸ்ஸில் தலை கிறுகிறுக்கும். பசி மயக்கம் என்று நினைத்துக்கொள்வோம்.

ஒரு பெருநாள் விடுமுறையில் நாங்கள் இருவரும் தைப்பிங் மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். வரிக்குதிரை இருந்த வேலியருகே போய் நின்ற அக்கா அதற்கப்புறம் நகரவே இல்லை. நிஜக் குதிரைக்கு ஒரு பக்கத்துக் கோடு மறுபக்கத்தோடு சேரவில்லை. இடுப்பருகே ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து போனது. கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே பழுப்பு நிழல்போல மெல்லிய கோடு வேறு. தாயை ஒட்டி நின்ற குட்டியின் வரிகள் கறுப்பாகவே இல்லை. சாயம் போன துணிபோலப் பழுப்பாக இருந்தன.

"ஒன்னு மாதிரி இன்னொன்னு இல்ல, பாத்தியா," என்றாள். "நாம போடுறதெல்லாம் பொய்லா."

வேலைக்குத் திரும்பிய அன்று, தான் பார்த்தபடியே ஒரு குதிரைக்குக் கோடு போட்டாள். தோலைச் சிலிர்த்து ஈயை விரட்டிவிடும் என்று தோன்றியது, அவ்வளவு உயிராக இருந்தது. சூப்பர்வைசர் அம்மாள் அதை மாதிரியோடு ஒட்டிப் பார்த்துவிட்டுக் கழிவுக்கூடையில் போட்டாள். இனிச் சொந்தமாகப் படம் வரையக் கூடாது என்று எல்லார் முன்னாலும் மலாயில் எச்சரித்தாள். அக்கா அதைச் சிரித்தே தள்ளிவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து, பஸ் நிறுத்தத்திலிருந்து அக்காவோடு நடந்து வரும்போது திரும்பிப் பார்த்தேன். அவளுடைய ஒற்றைச் செருப்பு பின்னால் ரோட்டில் கிடந்தது. கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை. கால் மரத்துப்போயிருக்கிறது என்று அப்போதுதான் சொன்னாள். பிறகு விரல்களும் மரத்தன. கழுத்துக் கோடுகள் வளைந்து ஓடின. கால் வளையங்கள் சுற்றி வந்து சேர மறுத்தன. கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று வைட்டமின் ஊசி போட்டு அனுப்பினார்கள்.

சூப்பர்வைசர் அம்மாளோ, இவள் பழையபடி தன் இஷ்டத்துக்கு வரைய ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தாள். விரல் மரத்துக் கை வரவில்லை என்று நானும் எடுத்துச் சொன்னேன். அன்றைக்கு அவ்வளவு நுணுக்கமாக வரைந்தவளுக்கு இன்றைக்கு மட்டும் எப்படிக் கை வராமல் போகும் என்று கேட்டாள். அந்த வாரமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவளுடைய அண்ணன் வந்து ஊருக்கு அழைத்துப்போனார்.

அவளைப் பார்க்கப் பாகான் டத்தோவுக்குப் போனேன். வீட்டில் தனியாக, சட்டைக்கு ஊக்குப் போட முடியாமல் மார்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. நான் ஊக்குகளை மாட்டிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

நல்லாத்தான் இருக்கு என்றேன். படுத்தால் என் கால்விரல்களில் எறும்பு ஊர்வது போலிருந்ததை அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"பொய் சொல்லாத. வாசல்ல நீ நடந்து வந்தப்பவே பாத்தேன். இனிமே அந்தத் தின்னர் வாடைக்குப் போகாத. பட்டினி கெடந்தாலும் போகாத."

நான் போகவில்லை. சிம்பாங் பூலாயில் ஒரு பாய் சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவச் சேர்ந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி என் கால் சரியானது. அவளுக்குச் சரியாகவில்லை. சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு கம்பை ஊன்றி நடந்தாள்.

எனக்குக் கல்யாணமாகி மூத்தவன் பிறந்த சமயம், அக்கா தென்னந்தோப்புக் கால்வாயில் விழுந்து இறந்துவிட்டாள் என்று சேதி வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான் என்றார் அவளுடைய அண்ணி. கரை வழுக்கியிருக்கும், எழுந்துகொள்ளக் கால் ஊன்றியிருக்காது. அவர் அப்போது பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாராம்.

"ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடியிருப்பேன்," என்றார். "கூப்பிடவே இல்லம்மா."

ஊக்கு மாட்டிவிட்டபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்தது. அண்ணி தேநீர் போட்டுக் கொடுத்தார். குழந்தை மடியில் அழுதுகொண்டிருந்தான். என்னால் குடிக்க முடியவில்லை.