அறுபத்து மூன்று சதவீதம்

"இந்தக் கணினி குறைந்தபட்சத் தகுதிகளைப் பூர்த்தி செய்யவில்லை" என்று ஒரு நீலத் திரை என் முகத்துக்கு நேராக ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது. என்ன தகுதி, எவ்வளவு குறைகிறது என்றெல்லாம் சொல்லவில்லை. மூடிவிட்டுப் போ என்பதற்கு மட்டும் ஒரு பொத்தான் இருந்தது. அதற்கு முன் டீச்சர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அம்மா கரண்டியால் அடித்திருக்கிறாள். இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை அவமானப்படுத்தியதில்லை. அன்று ஏறிய கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. இப்போது அது திரையின் மேல் இல்லை, அவ்வளவுதான்.

அந்த லேப்டாப், ஆம்பூரில் அப்பா வேலை செய்த தோல் ஃபேக்டரியிலிருந்து வந்தது. அப்பா பதினெட்டு வருடம் பஃபிங் பிரிவில் இருந்தார். சுழலும் உருளையில் உப்புத்தாளைச் சுற்றி, அதில் தோலைக் கொடுத்துத் தேய்த்து மென்மையாக்குகிற வேலை. தேய்க்கும்போது தூள் பறக்கும். கர்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு போவார், வரும்போது புருவமெல்லாம் நரைத்திருக்கும். தூளுக்கு நல்லது என்று அங்கே ஆளுக்கு ஓர் உருண்டை வெல்லம் கொடுப்பார்கள். தொண்டையில் நிற்பதை அது இறக்கிவிடுமாம். அப்பா பாதியைக் கடித்துவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் எனக்குக் கொண்டு வருவார். வாசலிலேயே பையைத் துழாவி எடுத்துத் தின்றுவிடுவேன். சில நாள் முழு உருண்டையே இருக்கும். அன்றெல்லாம் எனக்குக் கொண்டாட்டம்.

கொரோனா வந்து பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில், ஒருநாள் அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் துணிப்பை, பைக்குள் லேப்டாப். மேனேஜர் கூப்பிட்டு, "ரெண்டு மாசம் ரெஸ்ட் எடு, நாங்களே கூப்பிடறோம்" என்று சொல்லியிருக்கிறார். பஃபிங் பிரிவுக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் புது கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் சும்மா கிடந்த இந்தப் பழைய லேப்டாப்பையும், "பொண்ணு படிக்குதே, எடுத்துட்டுப் போ" என்று கொடுத்தனுப்பியிருக்கிறார். அவருடைய பெரிய மனதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு இனிமேல் வெல்லம் வராதே என்ற குறை ஒன்றுதான்.

ரெண்டு மாதம் முடிந்து மூன்றாவது மாதமும் பாதி போய்விட்டது. ஃபேக்டரியிலிருந்து கூப்பிடவில்லை. வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அப்பாவுடையது. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அதில்தான் எனக்கு வகுப்பு. ஒருநாள் கணக்கு டீச்சர் என் பேரைச் சொல்லிக் கேள்வி கேட்ட அதே நொடியில், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. நான் வெட்டிவிட்டேன். வகுப்பு முடிந்து அப்பா அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அன்று வீட்டில் இருந்தார். பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் இருப்பார். ஒரு கூரியர் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் என்பதால் மின்சாரத்தில் ஓடுகிற எல்லாப் பொருளைப் பற்றியும் எங்கள் குடும்பத்தில் தீர்ப்புச் சொல்வது அவர்தான்.

"அது ஃபேக்டரி காலுதான். சந்தேகமே இல்ல. இவ நாள் பூரா போனைப் புடிச்சினு உக்காந்திருந்தா அவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?"

"விடு மச்சான், திரும்பக் கூப்பிடுவாங்க" என்றார் அப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படி படி என்று உயிரை எடுத்தது இவர்கள். போனில் வகுப்பு வைத்தது பள்ளிக்கூடம். வீட்டுக்கு ஒரு போன் போதும் என்றிருந்ததும் இவர்கள்தான். கடைசியில் அப்பாவின் வேலையைக் கெடுத்தவள் நானாம். ஆனால் உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. நான் வெட்டிய அந்த ஒரு அழைப்பில்தான் அப்பாவின் வேலை இருந்ததோ? எப்படியாவது லேப்டாப்பை ஓட வைத்து, வகுப்பை அதற்கு மாற்றி, போனை அப்பாவின் பையில் திரும்ப வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

லேப்டாப் ஓடத்தான் செய்தது. ஆனால் அதை ஓட்டுகிற ஓஎஸ் அதரப் பழசு, வகுப்பு நடக்கும் பக்கத்தைத் திறக்கவே மாட்டேன் என்றது. புது ஓஎஸ் போட வேண்டும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு பைபாஸ் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். பத்து நிமிட நடைதான். அப்பா ஒவ்வொரு கரண்ட் கம்பத்திலும் நின்றார். நின்று, எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். ஒரு பிரியாணிக் கடை வாசலில் பிரியாணி வேகும் தேக்சாவைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றுவிட்டார். கம்ப்யூட்டர் கடை மூடிவிடுமே என்று நான் தவித்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனிதருக்குப் பிரியாணி ஆசையா என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

கடைக்கார அண்ணன் லேப்டாப்பைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பாப்பா, இதுக்குப் புதுசு சப்போர்ட் ஆவாது. காயலான் கடையில போட்டுட்டு வேற பாருங்க" என்றார். சப்போர்ட் ஆகாது என்று அவர் சொன்ன தோரணை இருக்கிறதே! லேப்டாப் என்னவோ அவரிடம் கைகட்டி வேலை கேட்டு நிற்பதுபோல். நான் நகரவில்லை. தொல்லை தாங்காமல் ஒரு பென்டிரைவில் புது ஓஎஸ்ஸை ஏற்றிக் கொடுத்து, "போட்டுப் பாரு, ஆவலன்னா என்னைப் பேஜார் பண்ணாத" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் பென்டிரைவைச் சொருகியதும் வந்ததுதான் அந்த நீலத் திரை. நான் அழவில்லை. சாயங்காலம் போனில் தேடினேன். எந்த நாட்டுக்காரன் என்றே தெரியாத ஒருவன், எனக்குப் புரியாத பாஷையில், அந்தத் தகுதிச் சோதனையையே நடக்க விடாமல் செய்வது எப்படி என்று வீடியோ போட்டிருந்தான். நடுவில் ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால் ஒரு கறுப்புச் சன்னல் திறக்கிறது. அதில் மூன்று வரி சேர்த்து, மூன்றுக்கும் 'ஒன்று' என்று கொடுத்துவிட வேண்டும். அவன் விரலைப் பார்த்துப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்தேன். திரை வாயை மூடிக்கொண்டு வழிவிட்டது. தகுதி தகுதி என்று குதித்ததெல்லாம் மூன்று வரியில் அடங்கிவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். பத்து, இருபது, நாற்பது என்று ஏறிய சதவீதம் அறுபத்து மூன்றில் நின்றது. பொட்டென்று லேப்டாப் அணைந்துவிட்டது. சார்ஜர் சொருகித்தான் இருந்தது. உடனே மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை இருபத்திரண்டிலேயே போய்விட்டது.

"வேணான்னு சொன்னாங்க இல்ல? நோண்டி நோண்டி இருந்ததையும் கெடுத்துட்ட. மதர்போர்டு அவுட்டு" என்றார் மாமா. மறுநாள் அதே மாமா வைரஸ் என்றார். அதற்கு மறுநாள் கரண்ட் கம்மியாக வருகிறது என்றார். மூன்று காரணத்திலும் தப்பு மட்டும் என்னுடையதாகவே இருந்தது.

ஆத்திரத்தில் ரஃப் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். முதல் தடவை அறுபத்து மூன்று. உடனே மறுபடி போட்டால் இருபத்திரண்டு. சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் அறுபது. உடனே போட்டால் பத்தொன்பது. ரெண்டு நாள் எழுதியதும் எனக்கே தெரிந்துவிட்டது. ஓய்வு கொடுத்தால் கொஞ்ச தூரம் போகிறது, கொடுக்காவிட்டால் படுத்துவிடுகிறது. அடியில் கையை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல்லாகச் சுட்டது. சூடுதான். உள்ளே இருக்கிற ஃபேன் காற்றை வெளியே தள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பேப்பரை விரித்து லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டேன். அம்மா வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுப்பவள். அவளுடைய சின்ன ஸ்க்ரூ டிரைவரையும், ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் தடவாத புது பிரஷ் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். "கழட்டத்தான் தெரியும், மாட்டத் தெரியுமா?" என்று மாமா மேலே நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா மட்டும் எதிரில் உட்கார்ந்து, கழற்றுகிற ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக ஒரு மூடியில் போட்டு வைத்தார்.

லேப்டாப்பின் அடிப்பாகத்தைத் திறந்ததும் ஃபேன் தெரியவில்லை. ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. பிரஷ்ஷால் நெம்பினேன். கம்பளித் துண்டு போல அது முழுசாகக் கையோடு வந்தது. தட்டத் தட்டப் பேப்பரில் தூள் குவிந்தது, ரெண்டு கை நிறைய இருக்கும். அம்மா தையலை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தாள்.

"இது பஃபிங் தூளு" என்றாள்.

"இவ்ளோ அடைச்சிருந்தா எதுதான் ஓடும்?" என்று மாமா சிரித்தார். இது அவர் முதலிலேயே சொன்ன காரணம் போல ஆகிவிட்டது.

அப்பாவும் சிரித்தார். "இது கண்ணாடி ரூமுக்குள்ள இருந்ததாச்சே. ஏசி போட்டு, கதவை மூடித்தான் வச்சிருப்பாங்க" என்றார். மாமாவின் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. அப்பாவின் சிரிப்பு மட்டும் இருமலாகி, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பேப்பரிலிருந்த தூள் எழும்பித் திறந்து கிடந்த லேப்டாப்பின் மேலேயே திரும்ப விழுந்தது. மூன்று நாள் உழைப்பு! எனக்கு வந்ததே கோபம்.

"அப்பா, அந்தப் பக்கம் திரும்பி இருமுப்பா. தூளு பறக்குது இல்ல?"

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்து இருமினார். அம்மா பேப்பரை நான்காக மடித்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனவள் வெகுநேரம் வரவில்லை. வீட்டை அழுக்காக்கியதற்குத்தான் கோபித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்திருக்கிறேன், ஒருத்தராவது சபாஷ் என்று சொன்னார்களா என்று எனக்கு மனசே ஆறவில்லை.

அன்று மத்தியானம் எண் அறுபத்து மூன்றைத் தாண்டியது. அறுபத்து நான்கு வந்ததும் கத்தினேன். நூறு வந்தது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, லேப்டாப்பில் வகுப்பு, அப்பாவின் பையில் போன். இனி அவர்கள் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

கூப்பிடவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், ரெண்டு வாரம் பார்த்தேன். கூப்பிடுகிறோம் என்றவர்கள் கூப்பிடப் போவதில்லை என்பது எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த ஒரு அழைப்பைச் சொல்லி என்னைக் குற்றவாளியாக்கினார். பதினெட்டு வருடம் வேலை வாங்கிக்கொண்டு பழைய லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பியவர்களிடம் போய்க் கேட்க அவருக்கு வாயில்லை, என்னிடம் மட்டும் வாய் நீண்டது. இதை மட்டும் நான் அவருக்கு இன்னும் மன்னிக்கவில்லை.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஓடாத பொருளில் எங்கேயோ ஒரு கோளாறு இருக்கும், பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். அதனால் ஒருநாள் அப்பாவின் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏரோப்ளேன் மோடு போட்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. யாரையாவது பிளாக் செய்திருக்கிறதா, இல்லை. சிம்மைக் கழற்றிப் பாவாடையில் துடைத்து, போனிலிருந்த இன்னொரு சிம் இடத்தில் மாற்றிப் போட்டேன். மாமாவைத் தன் போனிலிருந்து கூப்பிடச் சொன்னேன், நன்றாக அடித்தது. அணைத்துத் திரும்பப் போட்டேன். அப்பா சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்க, நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, சரியாய்டுச்சா?" என்றார்.

"ஆய்டுச்சுப்பா. இனிமே வரும்."

அப்பா போனை வாங்கி, சத்தம் முழுசாக வைத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டைப் பையில், முன்பெல்லாம் எனக்கு வெல்லம் இருக்கும் இடத்தில், போட்டுக்கொண்டார்.