உப்புப் போடாத ஒன்பது பாத்திகள்

காலை ஒன்பது இருபதுக்கு நான் மோட்டார் அறையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, என் கொழுந்தன் லுங்கி மடியில் யூரியாவைக் கட்டிக்கொண்டு என் மகளின் ஓட்ஸ் பாத்திகளுக்குள் நின்றிருந்தார். அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தார்.

மகள் வேளாண்மைக் கல்லூரியில் முதுகலை படிக்கிறாள். மாட்டுத் தீவனத்துக்கு ஓட்ஸ் கரிசலில் தேறுமா என்பது அவள் ஆய்வு. மூன்று ரகம், நான்கு அளவு யூரியா, ஒவ்வொன்றும் மூன்று இடத்தில். அதில் ஒன்பது பாத்திக்கு யூரியாவே கிடையாது. மற்றவை எவ்வளவு கூடுதலாக விளைந்தன என்பதை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஒரு ரகம் யூரியா கூடக்கூட உயர்ந்து, கடைசி அளவில் காற்றுக்குச் சாய்ந்துவிட்டது. இன்னொன்று குட்டையாக நின்று, அடியில் பல தண்டு விட்டுத் தூர் கட்டியது. அந்த வித்தியாசம்தான் அவளுடைய பட்டம்.

இதைக் கொழுந்தனிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன். மூன்று முறையும் 'ம்' கொட்டினார். 'ம்' கொட்டுவதில் அவரை மிஞ்ச நாகலாபுரத்தில் ஆள் கிடையாது.

"தம்பி, என்ன காரியம் பண்ணுதீங்க?"

"மஞ்சளா நிக்குதுல்லா மைனி. உப்புப் போடாம பயிரைப் பட்டினி போட்டா, ரோட்டுல போறவன் நம்ம குடும்பத்தைக் காறித் துப்ப மாட்டானா?"

எங்கள் பக்கம் யூரியாவுக்கு உப்பு என்றுதான் பேர். ஏதோ விருந்தாளிக்கு உப்பில்லாத சோற்றைப் போட்டுவிட்டதுபோல மனிதருக்கு மானம் போய்விட்டது. பஸ் ஜன்னலில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு போகிறவனுக்காக, ஒன்பதில் ஏழு பாத்திகளைக் கெடுத்துவிட்டார். தண்ணீரும் பாய்ச்சியாகிவிட்டது, இனி அள்ளி எடுக்கவும் வழியில்லை.

மகள் வந்து பார்த்தாள், வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யாருக்கு ஏட்டி தெரியப்போவுது? போன வாரம் அளந்ததை வச்சு எழுதிரு" என்றேன்.

"நீயும் சித்தப்பா மாதிரியே பேசுதியேம்மா" என்றவள், ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியைக்குப் போன் போட்டாள். போயும் போயும் அந்த ஆளோடு என்னைச் சேர்த்துவிட்டாள்.

மாலை நான்கு மணிக்குப் பேராசிரியை வந்தார். பாத்தி பாத்தியாக நடந்து பார்த்துவிட்டு, கொழுந்தனிடம், "எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டார்.

"கையளவுதான் மேடம்" என்றார் இவர், பெருமையாக.

"உங்க கைக்கு எத்தனை கிராம்னு நான் எங்க போய்க் கேக்க?" என்றார் பேராசிரியை. பிறகு மகளைப் பார்த்து, "மிச்ச ரெண்டு பாத்தியை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. இந்த வருஷம் போச்சு. கார்த்திகையில திரும்ப விதைக்கணும்" என்றார்.