ஏழாவது டிரம்

ஆற்றை நான் காதால்தான் அறிந்தேன். கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்திலேயே என் வீட்டுக்காரர் எனக்கொரு வேலை ஒதுக்கிவிட்டார். விடிந்ததும் தெப்பத்தில் ஏறி, பலகை இடுக்கு வழியாகக் குச்சியை விட்டு, அடியில் கட்டியிருக்கும் தார் டிரம்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு. காலியான டிரம் கணீரென்னும். தண்ணீர் புகுந்தது மொத்தென்னும். இரண்டுக்கும் நடுவில் தயங்குகிற ஒரு சத்தம் உண்டு. அதைப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஐப்பசியில் செய்யாறு தரைப்பாலத்தை மூழ்கடித்துவிட்டால், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் ஜீப்புகளுக்கு எங்கள் தெப்பம்தான் வழி. இக்கரை மருதமரத்துக்கும் அக்கரைப் பாறைக்கும் இடையில் ஓர் இரும்பு வடம். அதைப் பிடித்து இழுத்து இழுத்தே அக்கரை சேர்ப்போம். ஆறு வடிந்ததும் தெப்பம் கரையேறிவிடும், நாங்கள் கம்புக் கொல்லைக்குப் போய்விடுவோம்.

அன்று காலை ஏழாவது டிரம் மொத்தென்றது. ஆற்றோட்டப் பக்கத்து மூலையில் இருப்பது அது. அதை அவிழ்த்து, வடித்து, வைக்கோல் தீயில் உலர்த்தி, ஓட்டையில் கோணித்துண்டும் தாரும் வைத்து அடைக்க அரை நாளாகும். என் வீட்டுக்காரர் தார் உருக்க அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோதே ஜீப் வந்து நின்றது. அந்த ஜீப்புக்கு ஹாரன் உண்டு, கை பிரேக் கிடையாது. டிரைவர் சீட்டுக்கடியில் இரண்டு கருங்கல் வைத்திருப்பார், சக்கரத்துக்கு அண்டை கொடுக்க.

நெல்லிவாசல் பக்கத்து ஜனங்கள் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். கூடவே ஒரு பெண், மார்போடு அணைத்த காகித உறையுடன். வேலூரில் நர்ஸ் படிப்புக்கு இண்டர்வியூ, பதினோரு மணிக்கு. அவள் ஊரில் பள்ளி இறுதி தாண்டிய முதல் பெண் அவள் என்று டிரைவர் தன் மகளைப் போலச் சொன்னார்.

ஜீப் ஏறாது, ஆட்கள் வேண்டுமானால் ஏறலாம் என்றார் என் வீட்டுக்காரர்.

"அந்தாண்ட பஸ்ஸு மத்தியானந்தாங்க," என்றாள் அந்தப் பெண். "பேரு கூப்டறப்ப இல்லன்னா அவ்ளோதான்." அவள் அழவில்லை. உறையை மட்டும் திருப்பித் திருப்பிப் பிடித்தாள்.

குறையைக் கண்டுபிடித்தவள் நான். அதனால் அந்த மறுப்பும் என்னுடையதாகிவிட்டது போல் ஒரு குறுகுறுப்பு. பலகையில் இங்கும் அங்கும் நடந்தேன். சக்கரம் நிற்கும் தடிப்பலகைகள் ஆணியடித்தவை. ஜீப்பை நகர்த்த வழியில்லை. ஆனால் ஆட்கள் எல்லாரும் எதிர்மூலையில் நெருக்கி நின்றால், ஏழாவது மூலை முழுகாமல் தாக்குப்பிடிக்கும். சொன்னேன்.

"ஒருத்தர் நகந்தாலும் ஜீப்பு ஆத்துலதாம்மே," என்றார் அவர்.

"நகர மாட்டாங்க," என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது.

ஜீப்பை ஏற்றி, ஆட்களை எதிர்மூலையில் நிறுத்தி, இழுத்தோம். தண்ணீர் அந்த மூலைப் பலகையை நக்கியது, பிறகு மேலேறி, டிரைவரின் கருங்கல்லைச் சுற்றி வளைந்து ஓடியது. நடு ஆற்றில்தான் கவனித்தேன், எல்லார் கையும் மூடியிருந்தது. மலைக்காரர்கள் நடு ஆற்றில் ஆற்றுக்குக் காணிக்கையாக ஆளுக்கொரு பிடி சாமை போடுவார்கள், அதுவும் ஆறு ஓடுகிற பக்கம் போய் நின்று. அந்தப் பக்கம்தான் ஏழாவது டிரம்.

ஒரு பெரியவர் காலைத் தூக்காமலே கேட்டார்: "ஏம்மா, போடலாமா?"

"கரைக்குப் போய்ப் போடுங்க பெரியப்பா. ஆறு காத்துக்கினு இருக்கும்."

"அது எங்க காத்துக்கினு கீது? அது பாட்டுக்குப் போய்க்கினேதான கீது."

சிரித்தார்கள். தோள் குலுங்காமல், மூச்சைக்கூட அளந்து விட்டுச் சிரித்தார்கள். அப்படியொரு சிரிப்பை அதற்குப்பின் நான் எங்கும் கண்டதில்லை. கைகளில் சாமை வியர்த்துக்கொண்டிருந்தது. ஒரு கையும் திறக்கவில்லை. அக்கரை மணலில் தெப்பம் இடித்து, ஜீப் உறுமி ஏறிய பிறகுதான் எல்லாரும் திரும்பி நின்று வீசினார்கள்.

சாயங்காலம் ஜீப் திரும்பியது. அடைத்த டிரம்மைக் கட்டி, தெப்பத்தை மீண்டும் இறக்கி, அக்கரையில் காத்திருந்தோம். இறங்கியவளிடம் நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்: பட்டியல் நாளைக்குத்தான் ஒட்டுவார்களாம். நேரில் வந்து பார்க்க வேண்டுமாம். எந்த ஊர், எப்படி வந்தாய் என்று இண்டர்வியூவில் கேட்டதற்கு, ஆற்றை ஜீப்பிலேயே தாண்டி வந்ததாகச் சொன்னாளாம். அவர்கள் நம்பவில்லையாம்.

நாளைக்கும் வர வேண்டுமா என்று டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். காலையில் மாட்டேன் என்ற என் வீட்டுக்காரர் வடத்தைக் கையில் எடுத்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நாளைக்கு எத்தினி மணிக்கு வர்றீங்க?"

மறுநாள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. கடைசிப் பெயர். ஆனாலும் இருந்தது.