வாடகைச் சைவம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் காம்பவுண்டுக்குள் ஒரு மினி லாரி பின்பக்கமாக வந்து நின்றது. காலியாகக் கிடந்த முன்வீட்டுக்கு ஆள் வருகிறார்கள். கட்டில், பிரிட்ஜ், ஒரு குட்டி சைக்கிள், பழைய சேலையில் கட்டிய பாத்திர மூட்டைகள்... சாமான்களுக்கு நடுவே ஓர் இளம் அம்மா. அவள் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

புதிதாக வருகிறவர்களின் அடுப்பு எந்த மூட்டையில் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். பேரைக் கேட்டேன். ஊரைக் கேட்டேன் – திருப்பூராம். பிறகு ரொம்பச் சாதாரணமாக இன்னொரு கேள்வியும் கேட்டேன்.

“உங்க வீட்ல என்ன சாப்பிடுவீங்க?”

அவ்வளவுதான். அந்த முகம் கடை ஷட்டர் மாதிரி இறங்கிவிட்டது.

“நாங்க சைவம்தாங்க” என்றாள். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

நான் சிரித்துவிட்டேன். தப்புதான். ஆனால், அந்த முகமும் அந்த வேகமும் எனக்கு நன்றாகத் தெரியுமே! போன வருஷம் இதே காம்பவுண்டில் நின்றுகொண்டு நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். இத்தனைக்கும், ஆட்டுக்கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை என் கணவர் ஞாயிற்றுக்கிழமை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

அந்தக் கதையைச் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் நாங்கள் இருந்தது ஒரு பெரிய அபார்ட்மெண்ட். நீச்சல் குளம் உண்டு, ஜிம் உண்டு. ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே மாதிரி ஆட்கள் – ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி கார், பிறந்தநாளுக்கு ஒரே கடையில் வாங்கிய கேக். எங்கள் மகள் பூரணிக்கு அப்போது ஒன்பது வயது. அவளைப் பொறுத்தவரை ரம்ஜான் என்றால் லீவு. கிறிஸ்துமஸ் என்றால் மாலில் வைக்கும் பிளாஸ்டிக் மரம். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள அங்கே வழியும் இல்லை.

கணவருக்குத் தேனிக்கு மாற்றல் வந்தபோது நான் அதனால்தான் சந்தோஷப்பட்டேன். பல விதமான மனிதர்கள் பக்கத்து வீடுகளில் இருக்கிற இடமாகப் பார்ப்போம், பூரணி அங்கே வளரட்டும் என்றேன். “வாடகை நம்ம கைக்கு அடங்குற இடமாவும் பாரு” என்றார் அவர். இரண்டும் நியாயமான ஆசைகள்தானே?

தேனியில் தரகர் காட்டிய முதல் வீட்டின் வாடகையைக் கேட்டதும் என் கணவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். இரண்டாவது வீடு பரவாயில்லை. மாடி போர்ஷன். மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை. எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் பெரியவர், நல்ல மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“தப்பா நினைக்காதீக. நீங்க சைவந்தானே? இங்கன கறி, மீனெல்லாம் பொழங்கக் கூடாது. அதேன் கேட்டேன்.”

உங்களுக்கும் தெரிந்த கேள்விதான் இது. இது வயிற்றைப் பற்றிய கேள்வி இல்லை என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். நேராகக் கேட்க முடியாத ஒன்றைச் சமையலறை வழியாகக் கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

“ஆமாங்க சார். சைவம்தான்.”

பூரணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

கீழே இறங்கியதும் தரகர் ஆறுதல் சொன்னார். “எல்லாரும் சொல்றதுதேன் சார். குடிவந்தப்பறம் ஜன்னலச் சாத்திக்கிட்டு ஆக்கிக்கிருங்க. யாரு வந்து பாக்கப் போறாக?”

மதியம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். பூரணிக்குப் பிடித்த சிக்கன் பிரியாணி. ஆனால் பிள்ளை சாப்பிடவில்லை. ஒரு வாய் வைப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். என்ன என்று கேட்டேன்.

“அந்த வீட்டுத் தாத்தா இங்க வந்துட்டா என்னம்மா பண்றது?”

சொல்லிவிட்டு, கடித்த எலும்பை எடுத்து வாழை இலைக்கு அடியில் ஒளித்தாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை, தான் சாப்பிட்ட எலும்பை ஒளிக்கிறாள். இன்னும் குடிகூட வரவில்லை, அதற்குள் இந்தப் பாடம்! மலையும் வேண்டாம், மேற்கு ஜன்னலும் வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

பிறகு என் கணவரின் ஆபீஸில் ஒருவர் சொல்லித்தான் சின்னமனூருக்கு வந்தோம். தேனியிலிருந்து கம்பம் பஸ் ஏறினால் ஆபீஸ் போய்வரத் தோதான தூரம். பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக் காம்பவுண்டு. உள்ளே ஐந்து வீடுகள், நடுவில் பொது முற்றம், ஒரு தண்ணீர்க் குழாய். மொட்டை மாடியில் நின்றால் கோபுரமும் மினாராவும் சிலுவையும் ஒரே பார்வையில் தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரியாது. எதிரே பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கிறது.

ஆனால் முற்றத்துக் கொடியைப் பார்த்தேன். ஒரு நர்ஸ் யூனிஃபார்ம், பக்கத்தில் ஒரு புர்கா, அதற்குப் பக்கத்தில் வாழைக்கறை படிந்த வேட்டி. மூன்றும் ஒரே கொடியில் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அது போதும்.

வாடகை தேனியில் கேட்டதில் பாதிதான். வீட்டுக்கார அம்மா எங்களிடம் கேட்டது இரண்டே கேள்வி. “தண்ணியச் சிக்கனமா பிடிப்பீகளா? ராத்திரி கடைசியா வர்றவுக கேட்டைச் சாத்திட்டு வருவீகளா?” வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

குடிவந்த அன்று எதிர்வீட்டு ரஹ்மத் டீ கொண்டுவந்து கொடுத்தாள். முப்பது வயதிருக்கும். கணவர் மேகமலை ரோட்டில் ஜீப் ஓட்டுகிறார். இரண்டு பையன்கள். சாமான்களை எடுத்து வைக்க அவளும் கை கொடுத்தாள். நடுவில் கேட்டாள்.

“உங்க வீட்ல என்னக்கா சாப்பிடுவீக?”

என் நாக்கு என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. “சைவம்தான்.”

ஏன் சொன்னேன்? வீடு கிடைத்தாகிவிட்டது, அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, சாவி இடுப்பில் இருக்கிறது. ஆனாலும் சொன்னேன். அடிபட்ட இடத்தில் கை தானாகப் போய் மூடிக்கொள்ளும் இல்லையா... அப்படித்தான்.

சொன்ன பிறகு அதற்கேற்றபடி வாழ வேண்டுமே! காம்பவுண்டில் ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் ஐந்து வீட்டுக்கும் தெரியும். எங்கள் கறிச்சட்டி மூட்டையிலேயே கிடந்தது. என் கணவர் தேனியிலேயே மதியம் கறிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, பல் விளக்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மீன் வாங்கி வந்து, கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டுச் சமைத்தேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டு நர்ஸ் ஷீபா – குமுளிக்காரி – குழாயடியில் கேட்டாள்: “சேச்சி, நேத்து வீட்ல பூஜையா? நல்ல வாசம் வந்துச்சே!”

பூஜைதான் என்றேன். வேறென்ன சொல்ல?

பூரணி மட்டும் நன்றாகப் பொருந்திவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முற்றம்தான். காம்பவுண்டுப் பிள்ளைகளோடு ஓட்டம், கத்தல், சண்டை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ரஹ்மத் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு. பூரணியும் போவாள். சைவம் என்று சொன்னதால் அவளுக்கு மட்டும் பழமோ பிஸ்கட்டோ கொடுப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு வந்தவள் சொன்னாள். “அம்மா, ரஹ்மத் அத்தை எனக்கு மட்டும் தனித் தட்டு வச்சிருக்காக.”

‘வச்சிருக்காக’ – பிள்ளைக்கு இந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டதே என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்பது உறைத்தது. தனித் தட்டா?

தனித் தட்டு, தனி டம்ளர்... இந்த வார்த்தைகளுக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “இதுக்கா கோயம்புத்தூர்ல இருந்து பெட்டி கட்டிக்கிட்டு வந்தோம்?” என்று கணவரிடம் கத்தினேன். வேறு வீடு பார்ப்போம், இன்றைக்கே பார்ப்போம் என்றேன். “முதல்ல போய் என்னன்னு கேளு” என்றார். பூரணியையும் கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

ரஹ்மத் அடுப்படியில் இருந்தாள். போன வேகத்தில் கேட்டேன். “ஏன் ரஹ்மத், என் பொண்ணுக்கு மட்டும் தனித் தட்டாமே?”

அவள் என் குரலைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டையும் ஒரு சின்னச் சட்டியையும் எடுத்துக் காட்டினாள். சட்டியில் கடை ஸ்டிக்கர் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க சைவம்னு சொன்னீகல்லக்கா. எங்க வீட்ல அம்புட்டுப் பாத்திரமும் கறி பொழங்குனது. அதுல ஆக்கிப் பிள்ளைக்குக் குடுத்துட்டு உங்க மூஞ்சில எப்பிடி முழிக்க? அதேன் பஜார்ல போயி இவளுக்குன்னு புதுசா வாங்கிட்டு வந்தேன். தக்காளிச் சோறு இதுலதேன் ஆக்குறது. கரண்டிகூட வேறதேன்க்கா. பயப்படாதீக.”

அந்த இடத்தில் நான் பட்ட வெட்கம் சாதாரண வெட்கம் இல்லை. என் பொய்க்காக ஒருத்தி தன் காசில் சட்டி வாங்கியிருக்கிறாள். என் பொய்க்காக ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு சமையல் செய்திருக்கிறாள். நான் அவளோடு சண்டை போட வந்திருக்கிறேன்.

“ரஹ்மத்... நாங்க சைவம் இல்ல.”

அவள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுத் திரும்பினாள். “பெறகு ஏன்க்கா அப்பிடிச் சொன்னீக?”

தேனி வீட்டுக் கதையைச் சொன்னேன். பிரியாணிக் கடையில் இலைக்கு அடியில் போன எலும்பையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். இல்லை.

“உங்களுக்குப் பொய் சொல்லவாச்சும் வழி இருக்குக்கா. எங்களுக்கு அதுவும் இல்ல. பேரச் சொன்னதுமே, வீட்டை நேத்தே விட்டாச்சுன்னு சொல்லிருவாக” என்றாள். அலுத்துக்கொள்ளாமல், மழை பெய்கிறது என்பதைப்போலச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“நான் என்ன வீடு குடுக்கவாக்கா கேட்டேன்? சோறு குடுக்கல்ல கேட்டேன்!”

பூரணியைத் திரும்பிப் பார்த்தேன். “நீயாவது அத்தைகிட்ட சொல்லியிருக்கலாமேடி?”

“நீதானம்மா சைவம்னு சொன்னே. நான் உன்னைக் காட்டிக் குடுக்கல” என்றாள்.

யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் பிள்ளைகள் பிரியாணி சாப்பிட, இவள் நடுவில் உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிட்டிருக்கிறாள். அம்மா சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காக! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரஹ்மத்துக்கு மட்டும் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏ ஆத்தா, இம்புட்டு நாளா வாயத் தொறக்கலையே நீ! இங்கன வந்து உக்காரு” என்று பிள்ளையை இழுத்து உட்காரவைத்து, அதே புதுத் தட்டில் பிரியாணி வைத்தாள்.

பூரணி ஏற்கெனவே சாப்பிட்டவள். மறுபடியும் சாப்பிட்டாள். வாசல் பக்கம் திரும்பவே இல்லை. எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் எல்லோரும் பார்க்கும்படி வரிசையாக வைத்தாள்.

பிள்ளைகளோடு ஊர் மாறுகிறவர்கள் பள்ளிக்கூடம் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, தண்ணீர் எப்போது வரும் என்று விசாரிப்பார்கள். விசாரிக்கத்தான் வேண்டும். நாலு விதமான ஆட்கள் இருக்கிறார்களா என்றும் பார்க்கலாம். ஆனால் நாலு விதமான ஆட்கள் ஒரே தெருவில் இருந்துவிட்டால் மட்டும் ஒன்றும் நடந்துவிடாது. உங்கள் பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று அந்தத் தெருவில் யாராவது கேட்கிறார்களா... அதை எதற்காகக் கேட்கிறார்கள்... அங்கேதான் விஷயம் இருக்கிறது. தேனியிலும் அதே கேள்விதான், சின்னமனூரிலும் அதே கேள்விதான். ஒன்று கதவைச் சாத்தக் கேட்டது, இன்னொன்று தட்டு வைக்கக் கேட்டது. எனக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. அதற்கு நான் மட்டும் காரணம் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நானும் காரணம்தான்.

அந்தச் சட்டி சும்மா கிடக்கவில்லை. எங்கள் காம்பவுண்டிலேயே இருக்கும் வாழைக்காய் வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்குப் புரட்டாசி மாசம் முழுக்க அதில்தான் சாப்பாடு. ஷீபா வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் வந்தபோதும் அதுதான் அலமாரியிலிருந்து இறங்கியது.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். “நாங்க சைவம்தாங்க” என்று சொல்லிவிட்டு அந்தத் திருப்பூர்ப் பெண் என் சிரிப்பைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றாள். காபி டம்ளர் அவள் கையில் அப்படியே இருந்தது.

“இங்க பாரும்மா, சைவத்துல ரெண்டு வகை” என்றேன். “நிஜமான சைவம்னா எதிர்வீட்டு ரஹ்மத் தனிச் சட்டி வச்சிருக்கா, கவலையே படாதே. ரெண்டாவது, வாடகைக்காகச் சொல்ற சைவம். அதுன்னா இன்னிக்கு எங்க வீட்ல ஆட்டுக்கறிக் கொழம்பு, மத்தியானம் எல்லாரும் வந்துடுங்க. நீங்க எந்தச் சைவம்?”

அவள் வாயைத் திறப்பதற்குள் சுடிதாருக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை மேலே உயர்ந்தது.

“நாங்க ரெண்டாவதுங்க!”