நந்தினியின் துப்பட்டாவும் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும்

கேமரா பையின் ஜிப்பைத் திறந்தாலே தவிட்டு வாசனை வரும். அப்பாவுக்குக் களம்பூர் ரைஸ் மில்லில் வேலை. எங்கள் வீட்டில் எதைத் தட்டினாலும் தவிடு உதிரும். காலேஜில் இரவல் வாங்கி வந்த கேமரா அது... லென்ஸில் தூசு போனால் யார் பதில் சொல்வது? ஊருக்கு வந்ததும் துண்டில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

சென்னையில் விஸ்காம் படிப்பு, கடைசி வருஷம். ஒரே தீமில் வருஷம் முழுக்கப் படம் எடுக்க வேண்டும். ஒருவன் மெரினா குதிரைகள் என்றான். ஒருத்தி மின்சார ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மென்ட் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கைடு சார் முடித்துவிட்டார்.

"நீ ஆரணிதானே? பட்டு இருக்கும்போது உனக்கென்ன கவலை? எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். 'ஒரு பட்டுச்சேலை உருவாகிறது.' ஆரணிக்காரி என்றால் பிறந்ததே தறியடியில்தான் என்று சென்னையில் ஒரு நினைப்பு. எனக்குத் தெரிந்ததெல்லாம் நெல்லும் லாரியும்தான். அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

முள்ளிப்பட்டில் நந்தினி வீட்டில் தறி இருந்தது. பிளஸ் டூ வரை நாங்கள் ஒரே பெஞ்ச். அந்த நம்பிக்கையில் பஸ் ஏறிப் போனேன். கேமராவை வெளியே எடுத்ததுதான் தாமதம்... அவள் அம்மா கொடியிலிருந்து ஒரு துணியை உருவி, நெய்த சேலையின் மேல் போட்டு மூடிவிட்டார்.

அவள் அப்பா தறியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"தப்பா நெனைச்சிக்காத பாப்பா. டிசைன் முதலாளிது. சேல கடைக்குப் போறதுக்கு முன்ன வெளிய தெரியக் கூடாது. ஒரு போட்டோ சுத்திச்சின்னா போதும், பவர்லூம்ல ஜல்தியா அதே பார்டரப் போட்டுடுவானுங்க. அப்புறம் அவரு எனுக்கு வேலையே குடுக்க மாட்டாரு."

தெருவில் மற்ற வீடுகளிலும் ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் காபி கிடைத்தது, சேலை கிடைக்கவில்லை. கேமராவைக் கண்டால் ஏதாவது ஒரு துணி வந்து விழும். வெறும் கையோடு போகக் கூடாதே என்ற கடுப்பில், மூடியதையே கிளிக் செய்துவிட்டு வருவேன்.

அந்த மாதங்களில் சோறு இறங்காது. நண்பர்கள் படம் காட்டும்போது பாத்ரூம் போகிற மாதிரி எழுந்து போய்விடுவேன். ஃபெயில் ஆனால் ஒரு வருஷம் போச்சு. அப்பா வேறு மில்லில் பார்க்கிறவரிடமெல்லாம், "எம் பொண்ணு படிப்ப முச்சிட்டு வேலைக்குப் போவப் போறா" என்று சொல்லி வைத்திருந்தார்.

முதல் ரிவ்யூ வந்தது. கைடு சார் லேப்டாப்பில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார்.

"எல்லாம் மூடியே கெடக்கு. சேலை எங்கம்மா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து ஸ்கிரீனைப் பார்த்தேன். ஒரு தறியின் மேல் கைக்குழந்தையின் டவல். இன்னொன்றில் பழைய லுங்கி. ஒன்றில் காதுகுத்து ஃபிளெக்ஸ் பேனர், பல்லைக் காட்டும் தாய்மாமனோடு. நந்தினி வீட்டில், நாங்கள் இரண்டு வருஷம் போட்ட ஸ்கூல் யூனிஃபார்ம் துப்பட்டா.

"இதான் சார் என் தீம்... தறியை மூடுற துணி" என்று வாய் சொல்லிவிட்டது.

அவர் பேனாவை எடுத்தார். "மார்க் போட வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் சிரிச்சா நான் பொறுப்பில்ல" என்று சொல்லித் தலைப்பை மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு வருஷம் தானாகவே படம் கொடுத்தது. மழையில் கூரை ஒழுகியபோது தறி மேல் யூரியா சாக்கு. பொங்கலுக்குத் துவைத்த போர்வை. நந்தினியைப் பெண் பார்க்கத் தெள்ளாரிலிருந்து வந்த அன்று, வீட்டிலேயே நல்ல பெட்ஷீட். ஒவ்வொரு முறையும் அவள் அப்பா கேமராவை வாங்கி, ஓரம் ஏதாவது தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பார். பிறகுதான் திருப்பித் தருவார்.

கல்யாணம் முடிந்து நந்தினி தெள்ளாருக்குப் போன பிறகு, தறி மேல் மறுபடி அந்தத் துப்பட்டா வந்தது. ஜன்னல் வெயில் அதன் மேல் விழுந்திருந்தது. தினமும் பின் குத்திக் குத்தித் தோள் பக்கம் கிழிந்திருந்த இடத்தில், உள்ளேயிருந்து ஜரிகை மின்னியது. எடுத்தேன். அந்த வருஷத்திலேயே நல்ல படம் அதுதான் என்று எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

கேமராவை வாங்கிப் பார்த்த அவள் அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது.

"இங்க பாரு, பார்டர்ல போட்ட அன்னம் தெரியுது."

"அங்கிள், அடுத்த வாரம் எக்ஸ்டர்னல்... இது ஒண்ணு மட்டும் அங்கிள்."

அவர் கோபப்படவில்லை. "உனுக்கு மார்க்கு வேணும், எனுக்கு தறி வேணும். நான் இன்னா சொல்றது? நீயே பாத்துக்கோ" என்று கேமராவைக் கையில் கொடுத்துவிட்டுத் தறி மிதிக்க ஆரம்பித்தார்.

கிழிசலை மடித்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன். வெறும் துணியாக இருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்று, அவர் பார்க்க முதல் படத்தை டெலீட் செய்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் அழுகை. நல்ல காரியம் செய்த நெகிழ்ச்சி எல்லாம் இல்லை, மார்க் போச்சே என்றுதான்.

எக்ஸ்டர்னல் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஒரு இடத்துல கூட சேலை தெரியலையே?"

"தெரியக் கூடாது சார்" என்றேன்.

அவர் திரும்பப் போய் முதல் படத்திலிருந்து இன்னொரு முறை பார்த்தார். பாஸ் ஆனேன். முதல் மார்க் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டுக்கு.

இப்போது சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் இருக்கிறேன். ஆன்லைன் கடைகளுக்குப் பட்டுச்சேலைகளைப் படம் எடுக்கும் வேலை. மத்தியானம் மேஜைக்கு வரும் சேலை, சாயங்காலத்துக்குள் எல்லோர் போனிலும் இருக்கும். "பார்டர் நல்லாத் தெரியட்டும் மேடம், ஜூம் பண்ணுங்க" என்பார்கள். நல்ல கேமரா, நல்ல லைட், கை நிறைய வேலை... குறை ஒன்றும் இல்லை.

ஆனாலும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு நொடி கை நின்றுவிடும். ஸ்கிரீனை யார் பக்கமாவது திருப்பி, "பாருங்க அங்கிள், போடலாமா?" என்று கேட்கத் தோன்றும்.

கேட்க ஆள் இல்லை. அனுப்பிவிடுகிறேன்.