பழைய சர்ச்சில் ராணி வேஷம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சேலத்தில் மண்ணெண்ணெய்க்குக் கடும் தட்டுப்பாடு. பெட்ரோமாக்ஸ் ஏற்ற வழியில்லாததால், தறிக்கு விடுமுறையான அமாவாசை நாட்களில் எங்கள் நாடகக் குழு மத்தியானத்திலேயே நாடகம் போட ஆரம்பித்தது. இடம், ஒரு பழைய சர்ச். வெள்ளைக்காரத் துரைமார்களுக்காக எப்போதோ கட்டியது. சபையார் வேறிடத்தில் பெரிய கோயில் கட்டிக்கொண்டு போன பிறகு அதில் முதலில் வாசகசாலை வந்தது. அப்புறம் பாட்டுக் கச்சேரி, நாடகம்.

முதல் ஒத்திகைக்குப் போனபோது நான் செருப்பை வெளியே விட்டுவிட்டு, சட்டையையும் கழற்றலாமா என்று யோசித்து நின்றேன். உள்ளே இருந்தவர்கள் அப்படிச் சிரித்தார்கள். ஜன்னல்களில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. மூன்று மணி வெயிலுக்கு அந்த நிறமெல்லாம் தரையில் இறங்கிவிடும். எங்கள் அரசவைக்கு வேறு ஜோடனையே வேண்டியிருக்கவில்லை. கூரை அவ்வளவு உயரம். மேடையில் முனகினால்கூடக் கடைசி பெஞ்சுவரை கேட்கும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குகை என்ற பேட்டையில் எங்கள் வீடு, தறிக்காரக் குடும்பம், கல்யாணம் ஆகவில்லை. ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், என்றால் நான்தான். காட்டுக்கு விரட்டப்பட்ட ராணி தனியாகப் பிள்ளை பெறும் காட்சியில் நான் போடுகிற ஓலம் பிரசித்தம். தொண்டை கிழியக் கத்துவேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிரசவ வலி எப்படியிருக்கும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

ஒரு அமாவாசையன்று, அந்தக் காட்சிக்கு முன்னால் இடைவேளை விட்டிருந்தார்கள். முன்பு பாதிரியார் உடை மாற்றிய பக்கத்து அறைதான் எங்களுக்கு வேஷம் போடும் அறை. நான் டோப்பா முடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். திடீரென்று நான்கைந்து பெண்கள் வலி கண்ட ஒரு கர்ப்பிணியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பரமத்தி வேலூரிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவளாம். இன்னும் இருபது நாள் இருக்கிறதென்று நம்பி, மாமியாரோடு நாடகம் பார்க்க வந்திருக்கிறாள். மாமியார் குதிரை வண்டி தேடித் தெருவுக்கு ஓடியிருந்தார்.

ராஜாவும் மந்திரியும் பின்கதவு வழியாக ஓட்டம் பிடித்தார்கள். நானும் எழுந்தேன். அதற்குள் படுதாத் துணியின் மேல் படுக்க வைக்கப்பட்ட அந்தப் பெண், பக்கத்தில் தெரிந்த என் கையை எட்டிப் பிடித்துவிட்டாள். எலும்பு நொறுங்குவதுபோல ஒரு பிடி. புடவையும் வளையலும் பார்த்துப் பெண் என்று நினைத்துவிட்டாள், பாவம் என்று கையை உருவப் பார்த்தேன்.

கூட்டத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் இருந்தார். வந்து பார்த்தவுடனே, "வண்டியெல்லாம் இனி ஆகாது, வெந்நீர் கொண்டாங்க" என்றார். நான் கையை உருவப் பார்த்ததைக் கவனித்துவிட்டு என் காதோரம் குனிந்தார்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். கையை எடுக்காதீங்க. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கங்க."

திருப்பிக்கொண்டேன். எதிரே சுவரில் ஒரு சலவைக்கல் நினைவுப் பலகை. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். யாரோ ஒரு துரையின் குழந்தை, பதினோரு மாதத்தில் இறந்துபோனது. அதற்குப் பிறகு அந்தக் கல்லைப் பார்க்கவும் பயம், திரும்பவும் முடியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் அவள் கத்தவே இல்லை. கதவுக்கு வெளியே முந்நூறு பேர் இருக்கிறார்கள் என்ற கூச்சமோ என்னவோ, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். வலி வரும்போதெல்லாம் என் கைதான் அதைச் சொன்னது.

பிள்ளை அழுத சத்தம் கேட்டு எனக்கும் அழுகை வந்துவிட்டது. மூலையில் எங்கள் கிரீடங்களைப் போட்டு வைத்திருந்த கல்தொட்டியை நர்ஸ் காலி செய்யச் சொன்னார். "எனக்கு ஞானஸ்நானம் குடுத்த தொட்டிங்க இது" என்றபடி அதில் வெந்நீர் விளாவிக் குழந்தையைக் குளிப்பாட்டினார். ஆண் குழந்தை.

அப்போதுதான் மாமியார் வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் அலறினார்.

"ஐயோ, இந்த வேஷக்காரன் இங்க என்ன பண்றான்? ஏம் புள்ள, ஒரு ஆம்பளைய ஊட்டுக்குள்ள... இல்ல, இந்த ரூமுக்குள்ள வெச்சுக்கிட்டா..."

படுத்திருந்தவள்தான் மெதுவாகப் பேசினாள்.

"சத்தம் போடாதீங்கத்தை. புடிச்சப்பவே எனக்குத் தெரியுமுங்க. அத்தாம் பெரிய கை பொம்பளைக்கு ஏதுங்க? புடிச்சுக்க ஒரு கை வேணுமுன்னு இருந்துச்சு. அது யாரு கைன்னு பாக்கற நேரமாங்க அது?"

பிறகு என்னைப் பார்த்து, "கை வலிக்குதுங்களா?" என்று கேட்டாள். அவள் என்னைக் கேட்டாள்! இல்லை என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

ஜனங்கள் கலையவில்லை. மீதியைப் போடச் சொல்லிக் கேட்டார்கள். நாடக வாத்தியார் என்னை மேடைக்குத் தள்ளினார். காட்டுக் காட்சி. ஓலம் போட வாயைத் திறந்தேன், வரவில்லை. வெட்கமாக இருந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டு அட்டை மரத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஓரத்தில் வாத்தியார் கையை ஆட்டி ஆட்டி, கத்து கத்து என்று ஜாடை காட்டினார். முன்வரிசையில் ஒரு அம்மாள் மட்டும், "ஆமாங்க, இப்படித்தாங்க" என்றார். அது கூரை வரை போய்க் கேட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அங்கே நடித்தேன். அந்த வண்ண வெயிலை நினைத்தால் இன்றும் மனசு இளகும். அந்தத் தாயையும் பிள்ளையையும் மறுபடி பார்க்கவே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி மூன்று குழந்தைகள். ஒவ்வொரு பிரசவத்தின்போதும் வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்கள், "உள்ளே சத்தமே இல்லையே, சுலபமாகத்தான் ஆகிறது போல" என்று பேசிக்கொண்டார்கள். நான் மட்டும், போய் வரும் பெண்களிடம், உள்ளே என் மனைவி பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.