வல்லை வெளியில் நின்ற காரும் கூறைத்தட்டும்

தம்பிக்குக் கலியாணம். எங்கள் வீடு இணுவில், பெண் வீடு பருத்தித்துறை. இடையில் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர்தான். கார் ஒழுங்காக இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். கடந்த தை மாதம் அந்த முப்பது கிலோமீற்றரைக் கடக்க நான் பட்ட பாட்டைச் சொல்லவும், வழியில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லவும்தான் இந்தப் பதிவு. பழைய பெற்றோல் காரில் யாழ்ப்பாணம் சுற்ற வருகிறவர்களுக்கு இதில் கொஞ்சம் பயன் இருக்கலாம்.

நான் இருப்பது வவுனியாவில். என்னுடையது முப்பது வயதை நெருங்கும் ஜப்பான் கார். விற்கச் சொல்லிச் சொல்லி என் கணவரே களைத்துவிட்டார். கலியாணத்துக்காக ஏ9 வீதியால் வரும்போது, கொடிகாமம் தாண்டியதும் அது விக்கத் தொடங்கியது. மேட்டில் இழுவை இல்லை. எஞ்சினுக்குள் பொறி போடும் பிளக் தேய்ந்துவிட்டது என்று எனக்கு அப்போதே விளங்கியது. இந்தச் சில்லறை வேலைகளை நானே செய்வேன். கராஜில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாய் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை கிடையாது.

யாழ்ப்பாண நகரில் நான்கு பிளக், பிளக் வயர்கள், டிஸ்ரிபியூட்டர் மூடி, அதற்குள் சுழலும் ரோட்டர் எல்லாம் வாங்கினேன். பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். டிஸ்ரிபியூட்டர் என்பது, கொயில் என்ற மின்சுருளில் இருந்து ஒரு தடித்த வயரால் வரும் மின்சாரத்தை நான்கு பிளக்குகளுக்கும் முறைவைத்துப் பங்கிடும் பெட்டி. கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் மாற்றினேன். சாவியைத் திருப்பியதும் பட்டென்று பிடித்தது. எனக்கு வந்த பெருமையில் எஞ்சினுக்கு மேலுள்ள பொனற்றைக்கூட மூடாமல் கை கழுவப் போய்விட்டேன்.

இனி மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமி என்றால் அப்பாவின் அக்கா. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். தம்பி விரும்பியது மீன்பிடிக் குடும்பத்துக் கடற்கரைப் பிள்ளையை. நாங்கள் தோட்டம் செய்கிற குடும்பம். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று இரண்டு வருடம் மாமி ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் வாயை மூடினாரே தவிர, சரி என்று சொல்லவில்லை. இது பெண் வீட்டாருக்கும் நன்றாகத் தெரியும்.

எங்கள் முறைப்படி கூறைச்சேலையும் தாலியும் வைத்த தட்டை மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழியாகக் கொண்டுபோகவேண்டும். அதாவது நான். முகூர்த்தம் காலை ஒன்பதேகால். நல்ல நேரம் தவறக்கூடாதென்று தம்பி, அம்மா, என் கணவர் எல்லாரும் முன்னால் வெளிக்கிட்டுவிட்டார்கள். மாமி மட்டும் மாப்பிள்ளைக் காரில் ஏறமாட்டேன் என்று நின்றதால், அவரையும் தட்டையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவது என் பொறுப்பாகிவிட்டது. கூறை பிந்தினால் கார் பழுது என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். மனமில்லாமல் வந்தார்கள் என்றுதான் காலத்துக்கும் கதைப்பார்கள். அந்தப் பேச்சைச் சுமக்கப் போவது அந்தப் பிள்ளை.

ஏழரைக்குச் சாவியைத் திருப்பினேன். ஸ்ரார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. நேற்று ஒரு திருப்பில் பிடித்த கார்! பற்றரி நல்ல பலமாகவே சுற்றியது. பெற்றோல் இருந்தது. பனி இறங்கி ஈரமாகிவிட்டதோ என்று டிஸ்ரிபியூட்டர் மூடியைத் துடைத்தேன். வயர்களை முறை மாற்றிக் குத்திவிட்டேனோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், முறை சரி. ஏழாவதோ எட்டாவதோ முறை இருமிக்கொண்டு பிடித்தது. இனி பருத்தித்துறை போகும்வரை எஞ்சினை நிற்பாட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

உரும்பிராயால் போய்க் கோப்பாயில் பருத்தித்துறை வீதியைப் பிடித்தோம். காலை நேரத்தில் இந்த வீதி அழகு. செம்மண் தோட்டங்களில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும், நீர்வேலியில் இரண்டு பக்கமும் வாழை. நீங்கள் வந்தால் அவசரப்படாமல் ஆறுதலாக நின்று பாருங்கள். நான் பார்த்ததெல்லாம் எஞ்சின் சத்தத்தைத்தான். மாமி பின் இருக்கையில் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தார்.

புத்தூர் தாண்டி வல்லை வெளி வந்தது. மரம், வீடு ஒன்றுமில்லாத வெட்டவெளி. நீரேரிக் காற்று காரையே தள்ளும். அந்த இடத்தில் வீதியோரம் முனியப்பர் கோயில். எங்கள் ஆட்கள் எந்த அவசரத்திலும் அங்கே வாகனத்தை நிற்பாட்டி, கற்பூரம் கொளுத்தி, விபூதி பூசித்தான் போவார்கள்.

"நிப்பாட்டு பிள்ளை" என்றார் மாமி.

"மாமி, நிண்டால் கார் திரும்ப எடுக்காது. வரேக்கை கும்பிடுவம்."

"கலியாணத்துக்குப் போறனாங்கள் முனியப்பரைத் தாண்டிப் போறதோ? நிப்பாட்டு!"

நிற்பாட்டினேன். எஞ்சினை ஓடவிட்டே இறங்கியிருக்கலாம். வருடக்கணக்கான பழக்கம், கை தானாகச் சாவியைத் திருப்பிவிட்டது. கும்பிட்டு வந்து திரும்பத் திருப்பினேன். சுற்றுகிறது, சுற்றுகிறது, ஒரு இருமல்கூட இல்லை.

மோட்டார்சைக்கிளில் வந்த இரண்டு பேர், கேட்காமலே இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். கும்பிட வந்த வேட்டிக்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். கார் உருண்டதே தவிர உயிர் வரவில்லை. கணவருக்குப் போன் எடுத்தேன். அங்கிருந்து ஒரு கார் வந்து திரும்ப முக்கால் மணித்தியாலமாவது வேண்டும். அப்போது நேரம் எட்டரை. மாமி வேண்டுமென்றே நேரத்தை வீணாக்கி மினைக்கெடுத்துகிறார் என்ற எண்ணம் எனக்குள் வந்தது. கோபத்தில் அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் மீனை நகரச் சந்தையில் இறக்கிவிட்டு வெறும் பெட்டிகளோடு திரும்பிய சின்ன லொறி ஒன்று நின்றது. ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"பருத்தித்துறைக்குத்தான் போறன் தங்கச்சி. ஏறுங்கோ, நேரத்துக்குக் கொண்டுபோய் விடுறன்" என்றவர், தட்டைக் கண்டதும் தயங்கினார். "மீன் மணக்கும். கூறையை இதிலை ஏத்துவியளோ தெரியாது."

மாமியைக் கேட்க எனக்குப் பயம். அவர் வெள்ளிக்கிழமைகளில் மீன்காரரின் ஹோர்ன் சத்தம் கேட்டாலே படலையைச் சாத்துகிறவர்.

"தட்டைக் கொண்டா பிள்ளை" என்றார் மாமி. "நான் இதிலை போறன்."

லொறிக்காரர் அவசரமாக முன் இருக்கையில் தான் உடுக்க வைத்திருந்த புதுச் சாரத்தை விரித்துவிட்டார். மாமி ஏறி, கூறைத்தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒருக்கால் நான் சாவியைத் திருப்பிச் சுத்துறன், நீங்கள் எஞ்சினைப் பாருங்கோ தங்கச்சி. பிறகு போவம்" என்று லொறிக்காரர் என் சாவியை வாங்கினார். அதுதான் உதவியாகப் போயிற்று. தனியாக இருந்தால் இந்தச் சோதனை செய்ய முடியாது. என் சாமான் பெட்டியில் கிடந்த பழைய பிளக்கை ஒரு பிளக் வயரில் குத்தி, அதன் உலோகப் பக்கம் எஞ்சினில் படும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். அவர் சுற்றினார். பொறி இல்லை. அடுத்த வயர், அதிலும் இல்லை. நான்கு வயரும் ஒன்றாகப் பழுதாகாது. அப்படியானால் மின்சாரம் டிஸ்ரிபியூட்டருக்கே வரவில்லை. சாவியை நிற்பாட்டச் சொல்லிவிட்டு, கொயிலில் இருந்து வரும் தடித்த வயரைக் கையால் தடவிக்கொண்டு போனேன். பின்பக்கத்து இருட்டில் விரலில் ஈரமாக ஏதோ பட்டது.

மஞ்சள் துணி. உள்ளே காசு வைத்து முடிந்த நேர்த்தி முடிச்சு. வயரோடு சேர்த்துப் பக்கத்து இரும்புத் தகட்டில் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டிய இறுக்கத்திலேயே தளர்ந்த வயர், எஞ்சின் குலுங்கும் ஒவ்வொரு தரமும் அது இழுக்க, கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று இப்போது மூடிக்கு வெளியே நின்றது.

"உதை ஆர் கட்டினது?" என்று கத்திவிட்டேன்.

லொறிக்குள் இருந்து மாமியின் குரல் மெல்லக் கேட்டது.

"நான்தான் பிள்ளை. நேற்று நீ கை கழுவப் போன நேரம் கட்டினனான். ஒரு குறையுமில்லாமல் கலியாணம் முடிஞ்சால் முனியப்பருக்குப் பொங்கிப் படைக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சனான்."

"அதை ஏன் மாமி உதுக்குள்ளை?"

"வெளியிலை கட்டினால் எல்லாரும் காணுவியள். ரெண்டு வருசம் வேண்டாம் எண்டு சண்டை பிடிச்சனான், எந்த முகத்தோடை..." மாமிக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

துணியை அவிழ்த்து மாமியின் கையில் கொடுத்தேன். ஈரம் துடைத்து, வயரை அடிவரை அழுத்திக் குத்தினேன். அரைத் திருப்பில் கார் பிடித்தது. தள்ளிய மூன்று பேரும் கைதட்டினார்கள்.

இந்த இடத்தில் உங்களுக்குச் சில வார்த்தை. பிளக், வயர் மாற்றியபின் கார் பிடிக்கக் கஷ்டப்பட்டால் உடனே வேறு சாமான் வாங்க ஓடாதீர்கள். முதலில் பொறி வருகிறதா என்று பாருங்கள், பழைய பிளக் ஒன்றை அதற்காகவே எறியாமல் வைத்திருங்கள். எல்லா வயரும் அடிவரை இறங்கி இருக்கின்றனவா என்று கையால் அழுத்திப் பாருங்கள், முக்கியமாகக் கொயில் வயர். எஞ்சின் நிற்கும்போது மட்டும் தொடுங்கள், அந்த மின்சாரத்தின் அடி பொல்லாதது. வல்லை வெளியில் கராஜ் இல்லை, ஆனால் நின்று கேட்காமல் போகிற மனிதரும் இல்லை. வீட்டில் யாராவது நேர்த்தி வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

கார் திரும்ப நின்றாலும் தட்டுப் போய்ச் சேரட்டும் என்று, மாமியை ஏற்றியபடியே லொறிக்காரர் பெண் வீட்டு வாசல்வரை லொறியை முன்னால் ஓட்டினார். பெயரைக் கேட்டேன், செல்வம் என்றார். சாப்பிட வரச் சொன்னேன். குளித்துவிட்டு வருகிறேன் என்றவர், சொன்னபடியே வந்தார்.

பெண் வீட்டு வாசலில் இறங்கும்போது ஒன்பது ஐந்து. பெண்ணின் தாய் வெளிறிப்போய் நின்றார். பக்கத்தில் நின்ற ஒருவர், எங்களுக்குக் கேட்கவே, "இப்பத்தான் மனம் வந்ததாக்கும்" என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுக்கமுன் மாமி முன்னால் போய்விட்டார்.

"அவளிலை பிழை இல்லை. காரைக் கெடுத்தது நான்" என்றார் எல்லாருக்கும் கேட்க. பிறகு பெண்ணின் தாயின் கையைப் பிடித்தார். "மச்சாள், உங்கடை பிள்ளைக்குக் கூறை உடுத்திவிட நானும் உள்ளுக்கை வரலாமோ?"

இரண்டு வருடத்தில் மாமி அந்த வீட்டாரோடு கதைத்த முதல் வார்த்தைகள் அவை. பெண்ணின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்கோ மச்சாள். பிள்ளை உங்கடை வரவைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறாள்."